பிளாஸ்டிக் கயாக் படகின் அடியில் விழுந்த விரிசலை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் பசையை நம்பாதீர்கள். சூட்டை நம்புங்கள்.

இருக்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், எபாக்சி புட்டி வைத்து அடைத்தும் தண்ணீரில் இறக்கியதும் பொருக்காகப் பெயர்ந்துவிட்டது, இனி தூக்கிப் போடுவதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கிப் போட வேண்டாம். என்னுடைய கயாக்குகளையும் நண்பர்கள் கொண்டுவந்து போட்டவற்றையும் பல வருடங்களாக நானேதான் சரிசெய்து வருகிறேன். இந்த மாதிரி விரிசல் வீட்டு வேலைக்கு அடங்குவதுதான்.

புட்டி பெயர்ந்ததற்கு உங்கள் கைவேலை காரணமில்லை. பிளாஸ்டிக் கயாக்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீனில் செய்யப்பட்டவை. பிளாஸ்டிக் பொடியை உலோக அச்சுக்குள் போட்டு, சூளைக்குள் வைத்துச் சுழற்றச் சுழற்ற, பொடி உருகி அச்சின் உட்சுவரெங்கும் படிந்து ஒரே துண்டாக வந்துவிடும். இந்தப் பாலிஎத்திலீனின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பரவாமல் திரண்டு நிற்கும். பசைக்கும் அதே கதிதான். பரவாத பசை பிடிக்காது. போதாக்குறைக்குக் கயாக்கின் அடிப்பாகம் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் வளைந்து நிமிரும். இறுகிப்போன புட்டி வளையாது. கடைசியில் எது பிடிவாதமோ அதுதான் பிரிந்து வெளியே வரும்.

அதனால் எந்த வேலைக்கும் முன்னால் உங்களுடையது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். உட்காரும் இடத்தைச் சுற்றியுள்ள விளிம்பின் அடியில், வெளியே தெரியாத ஓரிடத்தில், பிளேடால் ஒரு சீவல் எடுங்கள். சோப்பு கலந்த தண்ணீரில் அதை அமுக்கி விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் கனமான பிளாஸ்டிக்கின் மெல்லிய சீவல்கூட நீர்ப்பரப்பிலேயே ஒட்டி நின்று ஏமாற்றிவிடும். அமுக்கியதும் மேலே வந்தால் பாலிஎத்திலீன். அடியில் தங்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக். ஏபிஎஸ் கயாக்கை வைத்திருப்பவருக்கு வேலை சுலபம். அதில் எபாக்சி நன்றாகவே பிடிக்கும். அதே பிளாஸ்டிக்கின் துருவலை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கியும் விரிசலை நிரப்பலாம்.

மிதந்தது என்றால் இன்னொரு சோதனை பாக்கி. சீவலை இடுக்கியில் பிடித்து, ஹீட் கன் எனப்படும் சூடான காற்றை ஊதும் கருவியின் முன்னால் காட்டுங்கள். தெளிவாகி, இளகி, சொட்டத் தொடங்கினால் வெல்டிங் செய்யலாம், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கியே ஒட்டவைக்கலாம். இளகி ரப்பராகி அப்படியே நின்று, கடைசியில் கருகினால் அது குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன். சில பழைய கயாக்குகள் அந்த வகை. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நிரந்தரமாகக் கட்டுண்டவை, எவ்வளவு சூடாக்கினாலும் ஓடாது. அதற்கு வெல்டிங் சரிவராது.

சீவும்போதே வேறொரு விஷயத்தையும் கவனியுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பாலிஎத்திலீன் பிளேடுக்கு முன்னால் சுருள் சுருளாக வரும். பல கோடைகள் வெயிலில் கிடந்து வெளிறிய கயாக்கோ சுருளாக வராது. பொடிப்பொடியாக உதிரும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிட்டதற்கு அது அடையாளம். எத்தனை அழகாக வெல்டிங் செய்தாலும் அதற்குப் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். அடிப்பாகம் முழுக்க அப்படி உதிர்ந்தால் மட்டும் நான் கைவிடச் சொல்வேன்.

இனி வேலை. முதலில் விரிசல் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனை இல்லை. விரிசல் மேல் மார்க்கர் மையைத் தேய்த்து உடனே துணியால் துடையுங்கள். மை விரிசலுக்குள் மட்டும் தங்கி, மயிரிழைக் கோடாகக் கடைசிவரை காட்டும். உள்ளேயிருந்து மெல்ல அழுத்தினால் அந்த முனைக்கு அப்பாலும் பிளாஸ்டிக் கொஞ்சம் வெளுக்கும். அது இழுபட்டுக் களைத்த இடம். அந்த வெளுப்பைத் தாண்டி, இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் பிட்டால் ஒரு துளை போடுங்கள். ஓட்டை விழுந்த கயாக்கில் இன்னும் ஓட்டையா என்று கை தயங்கும். ஆனால் விரிசல் முன்னேறுவதே கூர்மையான முனையில் விசை குவிவதால்தான். முனை வட்டமாகிவிட்டால் விசை பரவிவிடும், விரிசல் அங்கேயே நிற்கும். இதைச் செய்யாமல் மேலே மூடினால் வெல்டிங்குக்கு அடியில் விரிசல் தன் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிறகு பழைய புட்டியை ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சுரண்டி எடுங்கள். விரிசல் நெடுக, சுவரின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு, V வடிவத்தில் ஒரு பள்ளம் வெட்டுங்கள். இருபுறமும் ஒரு விரல் அகலத்துக்கு மேல்தோலைச் சுரண்டிப் புது பிளாஸ்டிக் தெரியச் செய்யுங்கள். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். பெட்ரோல், தின்னர் பக்கம் போகாதீர்கள். அவை பாலிஎத்திலீனுக்குள் ஊறிக்கொள்ளும், சூடுபட்டால் ஆவியாகி வரும். ஆல்கஹாலும் முழுக்க உலர்ந்த பிறகே ஹீட் கன்னைக் கையில் எடுக்க வேண்டும்.

பள்ளத்தில் உருக்கி நிரப்பும் பிளாஸ்டிக் கம்பியில் பலர் சறுக்குகிறார்கள். பால் பாட்டிலும் பாலிஎத்திலீன்தானே, அதை நறுக்கி உருக்கினால் ஆகாதா என்று கேட்பார்கள். பாட்டில் செய்யும் ரகம் வேறு. ஊதி உருவாக்கும் வேலைக்காக உருகினாலும் கெட்டியாகவே நிற்கும்படி செய்தது அது. கயாக் ரகம் அச்சுக்குள் வழிந்து படிவதற்காகச் செய்தது. இரண்டும் வெவ்வேறு சூட்டில் உருகி வெவ்வேறு அளவில் சுருங்கும், அந்தச் சேர்ப்பு ஆறும்போதே பிரியப் பார்க்கும். உங்கள் கயாக் தயாரித்த நிறுவனம் வெல்டிங் கம்பி விற்றால் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் கயாக்கிலிருந்தே எடுக்கலாம். மீன்தூண்டில் தாங்கிக்காகவோ மூடிக்காகவோ வெட்டி எடுத்த வட்டத்துண்டு இருந்தால் அது பொக்கிஷம், பட்டையாக நறுக்கிக்கொள்ளுங்கள். எந்தக் கம்பியானாலும் மறைவான இடத்தில் விரல் நீளத்துக்கு ஒட்டி, முழுக்க ஆறவிட்டு, இடுக்கியால் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுத்தமாக உரிந்து வந்தால் தவறான ரகம், அல்லது சூடு போதவில்லை. கயாக்கின் பிளாஸ்டிக்கையும் பிய்த்துக்கொண்டு வந்தால் சரியான கம்பி.

வெல்டிங்கைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிகளையும் வடிகால் திருகையும் கழற்றிவிடுங்கள், உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழி வேண்டும். விரிசலுக்குப் பின்னால் மிதவை நுரை இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், எளிதில் தீப்பிடிக்கும். கையுறை கட்டாயம். உருகிய பாலிஎத்திலீன் தோலில் ஒட்டினால் துடைத்தால் போகாது.

ஹீட் கன்னில் குறுகிய முனை பொருத்தி 260 முதல் 300 டிகிரி செல்சியஸுக்குள் வையுங்கள். இந்த பிளாஸ்டிக் உருகுவது 120 முதல் 130 டிகிரியில்தான், ஆனால் காற்றுக்கும் பரப்புக்கும் இடையில் நிறையச் சூடு வீணாகும். முதலில் விரிசலைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்தைப் பொதுவாகச் சூடேற்றுங்கள். பிறகு ஒரு முனையில் தொடங்கி, காற்றைப் பள்ளத்துக்கும் கம்பியின் நுனிக்கும் மாறி மாறிக் காட்டுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பொறுக்க வேண்டும். பிளேடு விட்டுப்போன நுண்ணிய கோடுகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கும். மங்கலாக இருந்த இடம் திடீரென்று ஈரம் பட்டாற்போல மினுங்கும். பள்ளமும் கம்பியும் ஒரே நேரத்தில் மினுங்கும்போது கம்பியைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்துங்கள். கம்பியின் இருபுறமும் உருகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய வரம்பாக எழும்பினால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். வரம்பு எழும்பாமல் கம்பி மட்டும் வழிந்து பரவினால் அது வெறுமனே மேலே உட்கார்ந்திருக்கிறது, நிறுத்திவிட்டு அடியை இன்னும் சூடாக்குங்கள். புகை வந்தாலோ நிறம் பழுப்பானாலோ சூடு மிஞ்சிவிட்டது. கருகிய பகுதியைச் சீவி எறிந்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

இந்த வேலையில் அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கம்பி சீக்கிரம் உருகும், கயாக்கின் கனமான சுவர் மெதுவாகத்தான் உருகும். கம்பி உருகியதைப் பார்த்ததும் மனசு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். கண்ணைக் கம்பியில் வைக்காமல் பள்ளத்தில் வையுங்கள்.

இருக்கைக்குக் கீழே என்பதால் ஆள் எடை முழுவதும் அங்கேதான் இறங்கும், வெறும் வெல்டிங் போதாது. உட்புறம் கை எட்டினால் வலுவுக்கு ஒரு கம்பி வலை பதியுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெல்வலையை விரிசலுக்கு இருபுறமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அதிகமாக இருக்கும்படி வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூரான மூலையே அடுத்த விரிசலுக்குத் தொடக்கமாகிவிடும். தட்டை முனையுள்ள சால்டரிங் அயர்னால் வலையை அழுத்த, அதன் கண்கள் வழியாக பிளாஸ்டிக் கொப்புளித்து மேலே வரும். ஒவ்வொரு கண்ணிலும் வரவேண்டும். அதன்மேல் கொஞ்சம் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி, வலையின் கம்பி எங்கும் வெளியே நீட்டாமல் மூடிவிடுங்கள்.

முடித்ததும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காதீர்கள். பாலிஎத்திலீன் ஆறும்போது நன்றாகச் சுருங்கும். திடீரென்று குளிர்ந்தால் அந்த இழுவை முழுவதும் சேர்ப்பில்தான் தங்கும். ஒரு இரவு அப்படியே விட்டு, மறுநாள் மேடான பகுதியைக் கூரான பிளேடால் சீவிச் சமப்படுத்துங்கள். உப்புத்தாள் தேய்த்தால் பஞ்சு பஞ்சாக எழும்புமே தவிர வழவழப்பாகாது.

கசிவு பார்க்கக் கயாக்கைத் தண்ணீரில் இறக்கத் தேவையில்லை. இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, உள்ளே விரிசல் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, வெளியே காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காய்ந்த காகிதமாகவே இருந்தால் கரையோரமாக, இடுப்பளவு ஆழத்தைத் தாண்டாமல் ஓட்டிப் பாருங்கள். ஆழமான நீருக்கோ வேகமான ஆற்றுக்கோ போவது அதற்குப் பிறகுதான்.

ஹீட் கன் இல்லை, அல்லது குறுக்குப் பிணைப்பு ரகம் என்றால்? அப்போது எபாக்சிக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நீங்கள் போட்ட முறையில் இல்லை. வளையும் தன்மையுள்ள எபாக்சி வேண்டும், வெஸ்ட் சிஸ்டம் பிராண்டின் ஜி/ஃப்ளெக்ஸ் அந்த வகை. பூசுவதற்குச் சற்று முன்னால், சுரண்டிச் சுத்தம் செய்த பரப்பின் மேல் கேஸ் டார்ச்சின் நீலச் சுடரை விறுவிறுவென்று ஓட்ட வேண்டும். உருக்குவது நோக்கமில்லை, மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்வதுதான். சரியாகச் செய்திருந்தால் முன்பு திரண்டு நின்ற தண்ணீர் இப்போது படலமாகப் பரவும். அந்தத் தண்ணீரைக் காயவைத்துத் தாமதிக்காமல் பூசுங்கள். எனக்கு வெல்டிங் மேல்தான் நம்பிக்கை அதிகம், ஆனாலும் சுடர் காட்டிப் பூசிய எபாக்சி நன்றாகத் தாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அடியில் தெரியும் மற்ற கீறல்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கல்லில் உரசாத கயாக் இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் சீவினால் போதும். அடிப்பாகம் உள்வாங்கிப் பள்ளமாகியிருந்தால் அதை வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள், பாதி தானே நிமிரும். மிச்சத்துக்கு உள்ளே வெந்நீர் ஊற்றி, கையால் தள்ளி, ஆறும்வரை முட்டுக்கொடுத்து வைத்தால் போதும்.

விரிசல் ஏன் அங்கே வந்தது என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். இருக்கையின் அடிப்பகுதியில் கூரான விளிம்போ திருகின் தலையோ அடிச்சுவரில் அழுந்துகிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள். அழுந்தினால் அந்த இடத்தில் தண்ணீரை உறிஞ்சாத நுரைத் தகடு ஒன்றை ஒட்டுங்கள். கரையில் ஆளோடு சேர்த்து இழுத்து இறக்கும் வழக்கம் இருந்தால், கயாக்கை முதலில் மிதக்கவிட்டுப் பிறகு ஏறுங்கள். வீட்டில் தட்டையாகத் தரையில் கிடத்தாமல் பக்கவாட்டில் சாய்த்து நிழலில் வையுங்கள். முதல் சில சவாரிகளுக்குப் பிறகு வெல்டிங்கின் ஓரங்களை வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது மறுபடி வெளுப்புத் தட்டினால், அது விரிசலாவதற்கு முன்பே அந்த ஓரத்தை மட்டும் திரும்பச் சூடாக்கி ஒரு கம்பி கூடுதலாக வைத்துவிடலாம்.