அச்சுமுறுக்கும் குடிலும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணமாகி 12 வருடமாகப் புனேயில் இருக்கிறோம். நாங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்), அவர் வீட்டில் ஆர்.சி. (கத்தோலிக்கர்). டிசம்பர் வந்தால் அம்மா பலகார டின்னை நிறைத்து பார்சல் அனுப்பிவிடுவாள். போன வருடம் அம்மா தவறிவிட்டாள். அவளுடைய அச்சுமுறுக்கு அச்சை மட்டும் கேட்டு எடுத்து வந்தேன். இன்னும் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவில்லை. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் ஆன்லைனில் வரும் பார்சலும் மாலில் நிற்கும் மரமும்தான். கனடாவிலிருக்கும் தங்கை வீடியோ காலில் வருவாள். "கேக்குதா, கேக்குதா" என்பதற்குள் பிள்ளைகள் எழுந்து போய்விடும். அம்மா செய்ததை எல்லாம் என்னால் செய்ய முடியாது. புதிதாக எதையாவது ஆரம்பித்தாலோ நாடகம் போடுகிற மாதிரி இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கி., புனே

அன்புள்ள கி.,

நகைக்குச் சண்டை போட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அச்சைக் கேட்டு வாங்கி வந்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். பாதி முடிவு அப்போதே ஆகிவிட்டது.

நாடகம் மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். முதல் வருடம் எதுவுமே அப்படித்தான் இருக்கும். இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைச் சொரூபங்களோடு அமைக்கிற, உங்கள் மாமியார் வீட்டுக் குடிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் ஒரு தீவனத்தொட்டியில் வைக்கோலைப் போட்டு, நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். அது நாடகமில்லாமல் வேறென்ன? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலத்தில் கோயிலில் ஏற்றும் மெழுகுவர்த்தி வளையமும் ஒருத்தர் ஆரம்பித்ததுதான். 1839இல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விஹெர்ன் என்ற லுத்தரன் போதகர், "கிறிஸ்துமஸ் எப்போ வரும், எப்போ வரும்" என்று பிள்ளைகள் நச்சரித்தது தாங்காமல் பழைய வண்டிச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிது, மற்ற நாளுக்குச் சின்னது. நச்சரிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இரண்டு இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அப்பா மூங்கில் சிம்பைக் கட்டி, கலர்த் தாள் ஒட்டி, உள்ளே 40 வாட்ஸ் பல்பு போட்டு நட்சத்திரம் செய்வார். ஒரு டிசம்பரில் விடாத மழை. இருபத்திரண்டாம் தேதி காலையில் பார்த்தால் தாள் கரைந்து எலும்புக்கூடு தொங்குகிறது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. புதுத் தாள் ஒட்டினார், தாத்தாவின் கறுப்புக் குடையை விரித்து அதற்கு மேலே கட்டினார். கேரல் ரவுண்ட்ஸ் வந்த பையன்களுக்குப் பாட்டே வரவில்லை, அவ்வளவு சிரிப்பு. அடுத்த வருடம் மழை இல்லை. ஆனாலும் நாங்கள் குடையைக் கேட்டோம். இப்போது என் வீட்டில் தொங்குவது கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நட்சத்திரம், எந்த மழையும் அதை ஒன்றும் செய்யாது. மேலே குடை இருக்கிறது. பேத்தி காரணம் கேட்டாள், சொன்னேன். இதை எந்த வருடமும் யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏழு வகைப் பலகாரத்தை விட்டுவிடுங்கள், குற்றவுணர்ச்சியே வேண்டாம். அதிரசத்தைக் கடையில் வாங்கலாம். முந்திரிக்கொத்தையும் இந்த வருடம் விடுங்கள்; பாசிப்பயறு வறுத்துத் திரித்து, பாகு பதம் பார்த்து, உருண்டைகளை மும்மூன்றாக ஒட்டிப் பொரிப்பதெல்லாம் நாலு பெண்கள் கூடி உட்கார்ந்து செய்கிற வேலை. (பெயரில் முந்திரி இருக்கிறதே என்று புனே சிநேகிதிகள் கேட்டால், முந்திரிப்பருப்பு ஒன்றுகூடக் கிடையாது, கொடிமுந்திரிக்குலை, அதாவது திராட்சைக்குலை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று சொல்லுங்கள்.) எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்தி எடுக்கும் போட்டோவும் என் கணக்கில் வேண்டாத வேலைதான். அது என் எரிச்சல், நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

அச்சுமுறுக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அளவு எதையும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள் என்பது எல்லாருக்கும் தெரியும். எத்தனை டம்ளருக்கு எத்தனை முட்டை என்பது வீட்டுக்கு வீடு மாறும். அது உங்கள் தங்கைக்கு ஞாபகம் இருக்கலாம். ஆகவே வீடியோ காலைக் கிறிஸ்துமஸ் அன்று வைக்காதீர்கள், முறுக்கு சுடுகிற அன்று வையுங்கள். உங்களுக்குக் காலை 10 மணி என்றால் டொராண்டோ பக்கம் முந்தின இரவு 11.30. சனிக்கிழமை பார்த்து வைத்தால் முழித்திருப்பாள். போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். "அக்கா, மாவு தண்ணியா இருக்கு" என்று அவள் அங்கிருந்து சத்தம் போட்டால் பிள்ளைகள் எழுந்து போகாது.

மகனுக்குக் குடிலைக் கொடுங்கள். குழந்தை இயேசு சொரூபத்தை 24ஆம் தேதி இரவுவரை குடிலில் வைக்காத வழக்கம் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். அதுவரை அதைப் பத்திரமாக வைத்திருப்பது அவன் பொறுப்பு. பூசைக்குக் கிளம்புமுன் அவனே வைக்கட்டும். எங்கே ஒளித்தோம் என்று மறந்து வீட்டையே புரட்டிப்போட்டால் இன்னும் நல்லது.

அச்சு ஒரு வருடமாகச் சும்மா கிடந்திருக்கிறது. முந்தின ராத்திரியே எண்ணெயில் ஊறப் போட்டுவிடுங்கள். சுடும்போது காய்ந்த எண்ணெயில் அச்சு நன்றாகச் சூடான பிறகுதான் மாவில் முக்க வேண்டும், அதுவும் முக்கால் உயரத்துக்கு மேல் போகாமல். மாவு மேலே ஏறி மூடிக்கொண்டால் முறுக்கு அச்சைவிட்டு இறங்காது. மகளை முக்கச் சொல்லுங்கள், எண்ணெய்ப் பக்கம் நீங்கள் நில்லுங்கள். முதல் நாலைந்து எப்படியும் ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். எங்கள் வீட்டில் அந்தப் பிய்ந்ததற்குத்தான் அடிபிடி.