வலைப்பூவில் ஜெயிக்க உழைப்பு வேண்டுமா, அதிர்ஷ்டம் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்வதாகச் சொல்லியிருக்கிறார். வலைப்பூ எழுதிப் பெயரெடுத்தவர்கள் உழைப்பால் வந்தார்களா, அதிர்ஷ்டத்தால் வந்தார்களா என்று கேட்டுவிட்டு, இதை நம்பி வேலையை விடலாமா என்றும் கேட்கிறார்.

உழைக்காமல் யாரும் நிலைத்து நின்றதை நான் பார்த்ததில்லை. ஆனால் கூட்டம் வருவதற்கு உழைப்பு மட்டும் போதாது. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையில் பெரும்பங்கு அதிர்ஷ்டத்தினுடையது. உழைத்தால் எல்லோரும் ஜெயிக்கலாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விடுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, வாசகர் வராத ஒருவர் தன்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்வது எனக்குத் தாங்கமுடியாத விஷயம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கம், வாரிசுச் சான்று என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பதைத் தமிழில் எழுதிவருகிறேன். ஆரம்பத்தில் சில வருடங்கள் அதைப் படிக்க ஆளே இல்லை. பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழில் பேசித் தேடும் வசதியைக் கொடுத்தது. நெல்லிக்குப்பத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் இருக்கிறவர்கள் போனை வாயருகே பிடித்து "பட்டா பேர் மாத்துறது எப்படி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2018 பிப்ரவரியில் பதிவுத்துறை ஸ்டார் 2.0 என்ற இணையவழிப் பதிவை மாநிலம் முழுவதும் கொண்டுவந்தது. பத்திரம், வில்லங்கம் என்று ஊரே இணையத்தைத் துழாவியது. அதே பிப்ரவரியில்தான் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பரம் கொடுக்கத் தொடங்கியது.

இந்த நான்கில் எதிலும் என் உழைப்பு ஒரு துளிகூட இல்லை. அந்த நேரத்தில் இந்த விஷயத்தைத் தமிழில் எழுதி வைத்திருந்த சிலரில் நானும் இருந்தேன். படிக்கிறவர் எண்ணிக்கை ஏறியதற்கு என் எழுத்து திடீரென்று மெருகேறியது காரணமில்லை. பழைய பதிவுகளே அப்போதுதான் படிக்கப்பட்டன.

இன்னொன்றும் என் வலைப்பூவிலேயே தெரிகிறது. கடலூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் பாகூர், அது புதுச்சேரி. அங்கே நில ஆவணத்துக்கு நிலமகள் என்று தனித்தளம். அந்தப் பக்கத்து ஆட்கள் கடைக்கு வந்து கேட்பதால் அதைப் பற்றியும் எழுதினேன். தமிழ்நாட்டுப் பட்டா பதிவுக்கு என்ன மெனக்கெட்டேனோ அதே மெனக்கெடல்தான், எழுதியவனும் ஒரே ஆள்தான். ஆனால் அதைப் படிக்கிறவர்கள் மிகவும் குறைவு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாம் சேர்த்தும் புதுச்சேரி யூனியன் பிரதேசம் 12.5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. எந்த எல்லைக்கு உட்பட்டவர்களுக்காக எழுதுகிறோம் என்பதே பாதிக் கணக்கை முடித்துவிடுகிறது.

என்னைவிட நன்றாக எழுதுகிற நண்பர் ஒருவர் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறார். வீதிகளின் வரலாறு அவர் விஷயம். ஒரு வீதிக்கு எப்படிப் பெயர் வந்தது என்று நாலு பத்தி எழுத ரோமன் ரோலண்ட் நூலகத்தில் நாள்கணக்கில் உட்காருவார், பிரெஞ்சு தெரிந்த பெரியவர்களைத் தேடிப் போவார். நான் ஒரு பதிவுக்குச் செலவிடும் நேரத்தைப் போல அவர் பல மடங்கு செலவிடுகிறார். படிப்பவர்கள் ஒரு சிறு வட்டம். உழைப்புதான் அளவுகோல் என்றால் அவர் எங்கோ இருக்க வேண்டும். அவருக்கு மிகவும் பிடித்த ஆள் ரங்கப்பிள்ளை வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அந்தக் கையெழுத்துச் சுவடிகள் 1846இல்தான் கண்டெடுக்கப்பட்டன. யார் கண்ணிலும் படாமல் போயிருந்தாலும் அவர் எழுதிய இருபத்தைந்து வருட உழைப்பு அதே உழைப்புதான். நண்பர் இதை ஆறுதலுக்காகச் சொல்வதில்லை, தகவலாகத்தான் சொல்வார். எனக்குத்தான் கேட்கும்போது மனசு கனக்கும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் செய்த ஆய்வு 2006இல் சயின்ஸ் இதழில் வந்தது. யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,341 பேரைக் கேட்கவிட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, தங்கள் குழுவில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். பாடல்கள் எல்லாக் குழுவுக்கும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு குழுவில் மேலே போன பாடல் இன்னொரு குழுவில் கீழே கிடந்தது. முதலில் வந்த கொஞ்சம் பேர் தற்செயலாக எதைத் தொட்டார்களோ, அதன் பின்னால் மற்றவர்களும் போனார்கள். மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்று இருந்தது.

வலைப்பூ எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த நடுவில்தான் இருக்கிறோம். ஆரம்பத்தில் யாரோ நாலு பேர் பகிர்ந்தால் கூகுள் மேலே தூக்குகிறது, மேலே இருப்பதைத்தான் அடுத்தவர் தொடுகிறார். இதில் உழைப்புக்கு ஒரு வேலை இருக்கிறது: அடிமட்டத்தில் விழாமல் காப்பது. அது சின்ன வேலை இல்லை.

என் வேலையில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் எதுவும் வரவில்லை என்று ஒருவர் பதறி வருவார். சர்வே எண்ணில் உட்பிரிவு மாறியிருக்கலாம், கிராமம் வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் போயிருக்கலாம், தேதியைத் தப்பாகக் கொடுத்திருக்கலாம். ஒவ்வொன்றையும் நானே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். காலத்தில் பெயர் தப்பாக ஏறியது, கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி சண்டை என்று எழுதுவதற்குக் குறைவே இல்லை. எழுதியதோடும் முடியாது. கட்டணம் மாறும், தளத்தின் திரை மாறும், மாறியதும் பதிவைத் திருத்தியாக வேண்டும். பண்ருட்டியிலிருந்து ஒரு பெரியவர் என் பதிவை அச்செடுத்து மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இதுல போட்டிருக்கிற மாதிரியே செஞ்சேன், நடந்துடுச்சு. அடுத்தது என்ன?" என்று கேட்டார். அந்தத் தாளில் ஒரு வரி பழையதாக இருந்திருந்தால் அவருக்கு அலைச்சலும் காசும் போயிருக்கும். வாசகர் ஆயிரம் பேரானாலும் பத்துப் பேரானாலும் இந்த உழைப்பைக் குறைக்க முடியாது.

இதைச் சொல்லும்போது தமிழில் முதலில் எழுதியவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2004இல் காசி ஆறுமுகம், பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். எழுத்துரு தகராறு, மெதுவான இணையம், மின்வெட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் எத்தனையோ பேர் இரவெல்லாம் எழுதினார்கள். வலைப்பூக்களை ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்க உதவிய ரீடரை 2013 ஜூலையில் கூகுள் மூடியதும் பழைய வாசகர்கள் சிதறிப்போனார்கள், எழுதியவர்கள் பலரும் ஃபேஸ்புக் பக்கம் போனார்கள். விளம்பரக் காசு வந்தது 2018இல். அவர்களைவிட நான் அதிகம் உழைத்தேன் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கமாட்டேன். நான் பிந்தி வந்தேன், அது லாபமாகிவிட்டது.

சரி, வேலையை விடலாமா? விடாதீர்கள். விளம்பர வருமானம் கூகுளின் கையில் இருக்கிறது. 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் அவர்கள் தேடல் முறையை மாற்றியபோது ஒழுங்காக எழுதிய தளங்கள் பலவும் படிப்பவர்களை இழந்தன. 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு ஏஐ சுருக்கம் வந்த பிறகு, பதில் தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிட்டால் கீழே இருக்கும் தளத்துக்கு யார் வருவார்கள்? எனக்குக் கடைதான் சோறு போடுகிறது. எழுதுவதற்கான கேள்விகளும் கடையிலிருந்துதான் வருகின்றன. கடையை மூடினால் எழுத விஷயம் இருக்காது.

உங்கள் விஷயம் உங்கள் தொழிற்சாலை வாசலுக்குள் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். பி.எஃப். முழுவதையும் எடுக்கப் படிவம் 19, ஓய்வூதியப் பங்குக்கு 10சி, வேலையில் இருக்கும்போதே முன்பணம் எடுக்கப் படிவம் 31 என்பதெல்லாம் பலருக்குத் தெரியாது. ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் இன்னொரு பெயர் என்று மாட்டிக்கொண்டு நிற்பார்கள். காண்ட்ராக்டர் மாறினால் பழைய யு.ஏ.என்., அதாவது பி.எஃப்.புக்கான பொது எண், என்ன ஆகும் என்று கேட்பார்கள். இதையெல்லாம் ஷிஃப்ட் முடிந்து வந்து, ஒரு தொழிலாளி இன்னொருவருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். முதலில் எழுத வேண்டியது அந்தப் பெயர் மாறிய கதை. அதில்தான் நிறையப் பேர் சிக்கியிருக்கிறார்கள்.