டீயை விட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள்

கேள்வி: நான் 38 வயதுப் பெண். உட்கார்ந்தே பார்க்கும் அலுவலக வேலை. காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சையும் இரண்டு டீஸ்பூன் தேனும் கலந்து குடிக்கிறேன். பிறகு 7 மணி, டிபனோடு 8.30, 11 மணி, மதியச் சாப்பாடு முடிந்ததும் 2 மணி, மாலை 6 மணி என ஐந்து டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. தண்ணீர் 5 லிட்டர். இருந்தும் மதியம் கண்ணைச் சொக்குகிறது, இரவு ஒரு மணி வரை தூக்கம் வருவதில்லை. ஹீமோகுளோபின் 10.2 என்று வந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எதை விட வேண்டும்?

பதில்: தேனைத் தவிர எதையும் அடியோடு விட வேண்டியதில்லை. நீங்கள் குடிப்பவை பெரும்பாலும் நல்லவைதான். குடிக்கும் நேரமும் கலக்கும் சர்க்கரையும்தான் சிக்கல்.

முதலில் ஹீமோகுளோபின். கர்ப்பமில்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. உங்கள் சோர்வில் கணிசமான பங்கு இதனுடையதாக இருக்கலாம், அதனால் இதை ஓரமாக வைத்துவிட்டு வேறு பானம் தேடாதீர்கள். டீக்குத் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் என்ற பொருட்கள் தானியம், பருப்பு, கீரையிலிருந்து வரும் இரும்போடு குடலிலேயே ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய இரும்பு ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். சாப்பாட்டோடு குடித்தால் உறிஞ்சப்படும் இரும்பு பாதிக்கு மேல்கூடக் குறையலாம். காபியும் இதைச் செய்யும், டீ அளவுக்கு அல்ல. பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்; பாலில் உள்ள கால்சியமும் இரும்பைத் தடுப்பதுதான்.

ஆகவே 8.30 டீயையும் 2 மணி டீயையும்தான் முதலில் நகர்த்த வேண்டும். சாப்பிட்ட பின் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரைக்கும் இதே விதி: வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். டீ, பால், கால்சியம் மாத்திரை, அமிலமுறிவு மருந்து ஆகியவற்றுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். மாத்திரை சாப்பிடும் நாட்களில் மலம் கறுப்பாகப் போவது வழக்கம்தான். தார் போல ஒட்டும் பதத்திலும் கெட்ட நாற்றத்திலும் போனால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எலுமிச்சை நீர் உடம்புக் கொழுப்பைக் கரைக்காது. வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும் என்பது உண்மை, ஆனால் அந்த இரும்பு அதே வேளை உணவில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் அந்தப் பயன் போய்விடுகிறது. அளவும் போதாது: அரை எலுமிச்சைச் சாற்றில் 10 மில்லிகிராம் கூடத் தேறாது. ஒரு ஆரஞ்சில் 60, 70 மில்லிகிராம் இருக்கும். மதியச் சாப்பாட்டோடு ஒரு ஆரஞ்சைச் சுளையாகச் சாப்பிடுங்கள். எலுமிச்சை பிடிக்கும் என்றால் சாப்பாட்டின் மேலேயே பிழிந்துகொள்ளலாம். பல்லையும் கவனியுங்கள். எலுமிச்சைச் சாறு கடும் அமிலம், பல்லின் மேற்பூச்சு அதில் இளகும். குடித்த கையோடு பல் தேய்த்தால் இளகிய பூச்சு தேய்ந்துபோகும். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள்.

சர்க்கரைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து டீ, தலா இரண்டு டீஸ்பூன், டீஸ்பூனுக்கு 4 கிராம்: 40 கிராம். இரண்டு டீஸ்பூன் தேனில் 11 கிராமுக்கு மேல். மொத்தம் 50-ஐத் தாண்டிவிட்டது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த உச்சவரம்பே 50 கிராம். 25-க்குள் நிறுத்துவது இன்னும் நல்லது என்கிறது. தேனும் பழச்சாறும் அந்தக் கணக்கில் சேரும். தேனை நிறுத்திவிடுங்கள். டீயில் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். ஒரே நாளில் சர்க்கரையில்லா டீக்கு மாறினால் பழைய கணக்குக்கே திரும்பிவிட வாய்ப்புண்டு.

இனி தூக்கம். உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும்; ஆளுக்கு ஆள் மாறுபடும், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது இரட்டிப்பாகலாம். ஒரு கப் டீயில் சுமார் 40 மில்லிகிராம் என்று வைத்தால், 6 மணி டீயில் 20 மில்லிகிராம் இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கிறது. அதன் மேல் மதிய டீயின் மிச்சமும் உண்டு. நாளெல்லாம் விழித்திருக்கையில் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வதால்தான் தூக்கம் வருகிறது. அது போய் உட்கார வேண்டிய இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்கிறது. அதனால் களைப்பு தீராமலே தூக்கம் மட்டும் தள்ளிப்போகிறது, மறுநாள் மதியம் கண் சொக்குகிறது, அதைப் போக்க இன்னொரு டீ. கடைசி டீயை மாலை 4 மணிக்குள் முடியுங்கள்; ஒரு மணி வரை தூக்கம் வராத உங்களுக்கு 3 மணி இன்னும் பொருத்தம். 7, 11, 3 என்று மூன்று டீ போதும். 7 மணி டீக்கும் டிபனுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். திடீரென்று குறைத்தால் சில நாள் தலைவலி வரலாம், ஆகவே முதலில் 6 மணி டீயை விடுங்கள், நாலைந்து நாள் கழித்து அடுத்ததை.

மதிய மந்தம் ஓரளவு எல்லோருக்கும் இயற்கையாகவே வருவது. சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடங்கள். தொடைத் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் ரத்தச் சர்க்கரை அவ்வளவு ஏறாது. முடியாத நாளில் 20 நிமிடக் குட்டித் தூக்கம் போடலாம். அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழ நேர்ந்து தலை கனக்கும்.

தண்ணீர் 5 லிட்டர் உங்கள் வேலைக்குத் தேவையில்லை. மிதமான வெயிலில், உட்கார்ந்த வேலையில், உணவிலுள்ள நீரும் டீயும் சேர்த்தே பெண்களுக்கு நாளுக்கு 2 லிட்டர் போதும். வியர்த்தால், காய்ச்சல் வந்தால், பாலூட்டினால் கூடும். பகலில் சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி; காலையில் போகும் முதல் சிறுநீரையும் பி வைட்டமின் சாப்பிட்ட நாளையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தில் முடியலாம். இரவு படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறையக் குடிப்பதை நிறுத்துங்கள்.

தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள் என்றால், அதை விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை டீ, காபி வேண்டாம். அதற்கும் இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கர்ப்பம் என்றால் காஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினைத் திரும்பப் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரையை நீங்களாகவே கூட்டாதீர்கள். மாதவிடாய்ப் போக்கு அதிகமா, வயிற்றில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் தேட வேண்டும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் அவசியம். ஏறிவிட்டால் உடனே நிறுத்திவிடவும் வேண்டாம். உடலின் இரும்பு இருப்பு நிரம்ப, அளவு சரியான பிறகும் வழக்கமாக மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள்.