பாடத்திட்டத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

ஐயா, எம்.எஸ்சி. புவியியலில் சேர்ந்திருக்கும் மகளின் பாடத்திட்டத்தை முதல் பருவத்திலிருந்து வரிசையாகப் படித்துவிட்டு, "விருப்பப் பாடம் எல்லாவற்றையும் ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் முறை) ஆகவே எடுக்கச் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருமுறை கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிப் பாருங்கள். நான்காம் பருவத்தில் ஆய்வேடு இருக்கும். நேர்முகத் தேர்வில் அவளிடம் கேட்கப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான். மற்ற பாடங்கள் அதற்கு எவ்வளவு உதவின என்பதை வைத்துத்தான் விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2015 டிசம்பரில் சென்னையை அடுத்த முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை அவள் மறக்கவில்லை, அடையாற்று வெள்ளத்தைத்தான் ஆராய்வேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் பருவம் முடிந்தும் தலைப்பு கிடைக்காமல் நெறியாளர் அறை வாசலில் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தலைப்புக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாளில் வானம் முழுக்க மேகம். சூரிய ஒளியில் படமெடுக்கும் சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள் அன்று எடுக்கும் படத்தில் மேகம்தான் தெரியும், வெள்ளம் தெரியாது. மேகத்தை ஊடுருவ ரேடார் வேண்டும். 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் படம் கையில் இருந்தால் மட்டும் போதாது. தேங்கிய நீரில் பட்ட ரேடார் அலை வேறு பக்கம் தெறித்துவிடுவதால் ஏரியும் வயல்வெளி வெள்ளமும் கறுப்பாகத் தெரியும். வீடுகள் நெருங்கிய தெருவிலோ நீரிலும் சுவரிலும் மாறி மாறிப் பட்டு அலை திரும்பி வரும். வெள்ளம் நின்ற இடமே வெளிச்சமாகத் தெரியலாம். இதை அறியாமல் கறுப்பை மட்டும் அளந்தால், உங்கள் தெரு நனையவே இல்லை என்று உங்கள் மகளின் ஆய்வேடே சொல்லிவிடும்.

இதைச் சொல்லித்தரும் பாடம் நுண்ணலைத் தொலையுணர்வு, அதாவது ரேடார் அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்தே நிலத்தை அறியும் முறை. அது விருப்பப் பாடமாக இருந்தால் ஆய்வேட்டுக்கு முன்பே, மூன்றாம் பருவத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் அடிப்படைத் தொலையுணர்வு முடிந்திருக்க வேண்டும். துறையில் அந்தப் பாடமே இல்லையென்றால், டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமின்றி நடத்தும் இணையவழிப் பயிற்சிகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறு எங்கே கரை மீறுகிறது, ஏரிகளின் உபரி நீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதற்குப் புவிப்புறவியலும் (நில வடிவங்களைப் பற்றிய பாடம்) நீரியலும் வேண்டும். பாதிக்கப்பட்ட மக்களை எண்ண மக்கள்தொகைப் புவியியல் வேண்டும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆற்றோடு சென்னை மாநகராட்சிக்குள் வந்தால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சென்னை எண்கள் 174 சதுர கிலோமீட்டர் கொண்ட பழைய மாநகராட்சிக்கு உரியவை. அதே ஆண்டு அக்டோபரில் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் ஆனது. 155 வார்டுகள் 200 ஆயின. பழைய எண்களைப் புதிய எல்லைகளில் பொருத்தப் பார்த்து இரண்டு மாதத்தைத் தொலைத்த மாணவர் ஒருவர் என்னிடம் வந்ததுண்டு. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் இந்தத் தலைவலி அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கும் தொடர்ந்தது.

ஜி.ஐ.எஸ். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலாண்டிலேயே க்யூஜிஐஎஸ் பழகிவிடட்டும். அது ஜி.ஐ.எஸ். வேலைக்கான இலவச மென்பொருள். ஆனால் வரைபடத்தின் மேல் கோடு இழுத்து டிஜிட்டைஸ் செய்ய, சில மாதச் சான்றிதழ் படிப்பு படித்தவருக்கும் தெரியும். நான்கு விருப்பப் பாடங்களிலும் அதையே படித்துவிட்டு, அந்தச் சான்றிதழ்காரரோடு அதே சம்பளத்துக்குப் போட்டி போடும் முதுகலைப் பட்டதாரிகளைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். புள்ளியியலைக் கண்டு பயப்படுகிறாள் என்றீர்கள். அந்தப் பயத்தை முதல் பருவத்திலேயே தீர்த்துக்கொள்ளட்டும். அரியர் வைத்துத் தள்ளிப்போட்டால் ஆய்வேட்டு நாட்களில் சேர்த்து வதைக்கும்.

கல்லூரி ஆசிரியர் பணி மனதில் இருந்தால் கணக்கு சற்று மாறும். கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் புவியியல் தாளில் 10 அலகுகள். அவற்றில் புவியியல் சிந்தனையும் (இத்துறையின் கருத்துகள் வளர்ந்த வரலாறு) ஒன்று. வகுப்பில் பலர் தூங்கும் பாடம் அது; அதே காரணத்தால் தேர்வில் பலரைக் கவிழ்ப்பதும் அதுதான். இறுதியாண்டில் இருக்கும்போதே நெட் எழுதலாம். முதுகலையில் பொதுப் பிரிவினருக்கு 55 சதவீதம் தேவை, சலுகைப் பிரிவினருக்கு 50. அதே தேர்வின் மூலம் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வின்போது தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பள்ளி முதுகலை ஆசிரியர் பணி என்றால் பி.எட். சேர்த்து முடிக்க வேண்டும்.

களப்பயணத்துக்கு ஒரு வாரம் வெளியூர் அனுப்பத் தயக்கமாக இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அனுப்புங்கள். ஆற்றங்கரையில் நின்று, சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டை டேப் வைத்து அளந்து, அங்கே இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுக்கப் பழகாதவள், ரேடார் படம் சொல்வது சரியா என்று எப்படிச் சோதிப்பாள்?

இந்த வாரம் அவள் துறைத் தலைவரைப் பார்த்து, எந்த விருப்பப் பாடம் எந்தப் பருவத்தில் நடக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பாடத்திட்டத்தில் அச்சாகியிருப்பதெல்லாம் வகுப்பறையில் நடப்பதில்லை. போதிய பேர் சேராத பாடத்தைத் துறை கைவிட்டுவிடும். ஆகவே நுண்ணலைத் தொலையுணர்வுக்குப் பெயர் கொடுக்கத் தோழிகள் நாலைந்து பேரிடம் இப்போதே பேசிவைக்கச் சொல்லுங்கள்.