மீன் தொட்டிக்கு 630 லிட்டரா, 63 லிட்டரா?

நீங்க 630 லிட்டர்னு போட்டிருக்கீங்க, ஆனா 63 தாங்க. தொட்டியோட நீள, அகல, உயரத்தை செ.மீ.ல 60 × 30 × 35னு பெருக்கினது சரி, 63,000 கன செ.மீ. வருது. ஒரு கன செ.மீ. அப்படியே ஒரு மி.லி. மீட்டருக்கு 100 செ.மீ. என்ற ஞாபகத்துல 100 ஆல வகுத்திருக்கீங்க போல. லிட்டருக்கு 1000 ஆல வகுக்கணும்.

மருந்து 10 லிட்டருக்கு 1 மி.லி.னு சொல்றீங்க. அப்போ 6.3 மி.லி. உங்க கணக்குப்படி 63 மி.லி. ஊத்தினா பத்து மடங்கு, மீன் தாங்காது.

35 செ.மீ. தண்ணி நிக்கிற உயரம்தானே, கண்ணாடி உயரம் இல்லையே? அகல, நீளமும் உள்பக்கம் அளந்ததா பாருங்க. அடியில மணல், கல் போட்டிருந்தா தண்ணி இன்னும் குறைவு. அதனால நானா இருந்தா 5.5 மி.லி.யோட நிறுத்துவேன். ஊசியில்லா சிரிஞ்சுல எடுங்க. அதுல 'சிசி'னு போட்டிருந்தாலும் மி.லி.தான்.