பைபாஸ் செய்தவருக்கு, கிட்னியும் பலவீனமானவருக்கு, கால் வழியாக இருதய வால்வு மாற்றலாமா?

கேள்வி: கல்முனையில் இருக்கும் அப்பாவுக்கு 78 வயது. முன்னர் பைபாஸ் செய்தவர், சீனி வருத்தத்தால் கிட்னியும் பலவீனம். இப்போது அயோட்டிக் வால்வு (இருதயத்திலிருந்து பெருநாடிக்கு இரத்தம் போகும் வாசல்) சுருங்கிவிட்டதாம். நெஞ்சைத் திறக்காமல் மாற்றலாமா?

பதில்: பெரும்பாலும் மாற்றலாம். பைபாஸ் செய்த நெஞ்சை மறுபடி திறக்கும்போது எலும்புக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கும் பழைய கிராப்ட் (பைபாஸில் பொருத்திய நாடி) காயப்படலாம். அதனால்தான் இந்த வயதில் டாவி (TAVI), அதாவது கால் நாடி வழியாகப் புது வால்வு வைக்கும் முறையின் பக்கம் சாய்கிறார்கள். ஆனால் கடைசி முடிவு சிடி ஸ்கேனில்தான் இருக்கிறது.

எக்கோவில் (இருதய ஸ்கேன்) வால்வுப் பரப்பு 1 சதுர சென்ரிமீற்றருக்குக் குறைந்து, வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான சராசரி அழுத்த வித்தியாசம் 40 mmHgஐத் தொட்டால் கடும் சுருக்கம். பம்பிங் குறைந்த இருதயத்தில் அந்த 40 வராமல் போகலாம். 25, 30 என்று மட்டும் காட்டலாம். அதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். அப்போது வால்வில் படிந்த கால்சியத்தை சிடியில் அளக்கும் கால்சியம் ஸ்கோர் கேளுங்கள். ஆணுக்கு 2000, பெண்ணுக்கு 1200 தாண்டினால் சுருக்கம் கடுமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஸ்கேனுக்கு, படத்தில் நாடிகள் தெளிவாகத் தெரிய ஏற்றும் மை ஊசியும் தேவையில்லை.

டாவிக்கான சிடிக்கு மை ஊசி கட்டாயம். வால்வு உட்காரும் வளையத்தின் அளவு தெரியாமல் வால்வு தெரிவுசெய்ய முடியாது. சிறிதாக வைத்தால் ஓரத்தால் கசியும். பெரிதாக வைத்தால், கால்சியம் கட்டிபட்ட இடத்தில் வளையமே வெடிக்கலாம். வால்வு போகும் தொடை நாடியும் வால்வின் வகையைப் பொறுத்து 5 முதல் 6 மில்லிமீற்றராவது அகலம் வேண்டும். சீனிக்காரருக்கு இங்கேதான் அடிக்கடி தடங்கல் வரும். தோள் பக்க நாடியால் போகலாம் என்றாலும், பைபாஸ் கிராப்ட் இடது நெஞ்சு நாடியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கம் ஆபத்து. பழைய பைபாஸ் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

மை கிட்னியைப் பாதிக்கலாம் என்பதால், சிடிக்கும் சிகிச்சைக்கும் இடையில் சில நாள் விடச் சொல்லிக் கேளுங்கள். மை ஏற்றி 48 மணித்தியாலத்துக்குப் பிறகு கிரியேற்றினின் (கிட்னிக்கான இரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். அதை ஊர்ப் பக்கத்திலேயே செய்யலாம். சீனிக் குளிசையான மெற்போர்மினை நிறுத்துவதா என்று முன்கூட்டியே கேளுங்கள். டைக்குளோபெனக் போன்ற நோக்குளிசை வேண்டவே வேண்டாம். தண்ணீர் நிறையக் குடித்தால் நல்லது என்று ஆரும் சொல்வார்கள். இந்த இருதயத்துக்கு அது நுரையீரலில் நீர் கட்டவும் வைக்கும்.

பழைய ஈசிஜியில் வலது பண்டில் பிளொக் (இருதயத்தின் வலது பக்க மின்பாதைத் தடை) இருந்தால் டாவிக்குப் பிறகு பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். புதிய வால்வு மின்பாதையை அமுக்குவதுதான் காரணம். சிலருக்கு அது வீடு வந்த பிறகும் நடக்கும். முதல் இரண்டு கிழமைக்குள் மயங்கி விழுந்தால், சீனி இறங்கிவிட்டது என்று இனிப்புக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடித்து, போனவுடன் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.