வாசகர் கேள்வி: மிதக்கும் பனியாறு கடலுக்குள் என்ன செய்கிறது?

கேள்வி: தம்ளரில் மிதக்கும் ஐஸ் கட்டி உருகினால் தண்ணீர் மட்டம் உயராது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியென்றால், அண்டார்க்டிகாவில் கடல்மேல் மிதக்கும் பனியாறுகள் உடைந்தால் கவலைப்பட என்ன இருக்கிறது? அவை நீரோட்டத்தை மாற்றும் என்பது உண்மையா? (ஆசிரியை ஒருவர், திருநெல்வேலி)

பதில்: நீங்கள் சொல்லிக்கொடுப்பது சரிதான். மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் நேரடியாக உயர்வது மிகமிகக் குறைவு. ஆனால் மட்டத்தை மட்டும் பார்த்தால், அந்தப் பனி நீருக்கடியில் செய்யும் வேலை நம் கண்ணில் படாது.

நிலத்திலிருந்து நகர்ந்து வரும் பனியாறு, கடலை எட்டிய பின்னும் உடையாமல் நீண்டு மிதந்தால் அதைப் பனிநாக்கு என்கிறோம். அண்டார்க்டிகாவின் ராஸ் தீவில் எரபஸ் எரிமலையின் சரிவிலிருந்து மக்மர்டோ நீரிணைக்குள் நீளும் பனிநாக்கு இதற்கு நல்ல உதாரணம். மிதக்கத் தொடங்கும் இடத்தில் அதன் கனம் ஏறத்தாழ 300 மீட்டர். நுனியில் சுமார் 50 மீட்டர். இதில் பெரும்பகுதி நீருக்கடியில் இருப்பதால், ஓதத்தோடு வந்து போகும் நீருக்கு அது குறுக்கே நிற்கும் சுவராகிறது. வெள்ளம் ஓடும் ஆற்றில் பாலத்தூணுக்குப் பின்னால் சுழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல இங்கும் நீர் நுனியைச் சுற்றியும் அடியில் நுழைந்தும் வேகமெடுத்துச் சுழல, அடுக்கடுக்காகக் கிடந்த மேல்நீரும் கீழ்நீரும் ஒன்றோடொன்று கலக்கின்றன.

வெப்பத்தின் கணக்கு இதைவிட நுட்பமானது. கடல்நீர் மேற்பரப்பில் சுமார் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸில் உறைகிறது. ஆழத்தில் அழுத்தம் கூடுவதால், ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் அந்த உறைநிலை ஏறக்குறைய முக்கால் டிகிரி இறங்கிவிடுகிறது. ஆகவே மேலே உறையும் தறுவாயில் இருந்த நீர்கூட, ஆழத்தில் பனியின் அடிப்பகுதியைத் தொடும்போது அதை உருக்கும் அளவுக்குச் சூடுள்ளதாகிவிடுகிறது. அப்படி உருகிய நன்னீர் கலந்து எடை குறைந்த நீர், பனியின் அடிவயிற்றை ஒட்டியே மேலேறி, அழுத்தம் குறைந்த இடத்தை அடைந்ததும் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த நீராக நிற்கும். தெற்கேயுள்ள பெரும் பனித்தட்டுகளின் (நிலத்தோடு ஒட்டியபடி கடல்மேல் பரந்து மிதக்கும் பனி) அடியிலிருந்து இத்தகைய நீர் மக்மர்டோ நீரிணைக்கு வந்து சேர்கிறது. அங்கே கடற்பனியின் அடியில் மெல்லிய தகடுகளாகப் பனிப்படிகங்கள் ஒட்டி வளர்கின்றன. துளையிட்டு இறக்கிய கயிற்றிலும் அவை பூத்துவிடும்.

சுவர் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதைக் கிழக்கு அண்டார்க்டிகாவிலுள்ள மெர்ட்ஸ் பனிநாக்கு காட்டியது. கிழக்கிலிருந்து மிதந்து வரும் கடற்பனியை அது தடுத்து நிறுத்தியதால், அதன் மேற்குப் பக்கம் குளிர்காலத்திலும் திறந்த நீராகவே கிடந்தது. கரையிலிருந்து வீசும் கடுங்காற்று புதிதாக உறையும் பனியை உடனுக்குடன் தள்ளிக்கொண்டு போக, உறையும்போது வெளியேறும் உப்பு கீழ்நீரில் சேர்ந்து, கனத்த அந்த நீர் சரிவில் இறங்கி ஆழ்கடலின் அடியை நிரப்பியது. 2010 பிப்ரவரியில் கடலில் மிதந்து வந்த பி-9பி என்ற பனிமலை மோதியதையடுத்து, 78 கிலோமீட்டர் நீளமுள்ள துண்டு உடைந்துபோனது. அதன் பிறகு அங்கே பனி உருவாவது குறைந்தது. இறங்கும் நீரின் உப்பும் அடர்த்தியும் குறைந்தன. கடலடிக்கு ஆக்சிஜனைக் கொண்டு சேர்ப்பது இந்த நீர்தான் என்பதால், இதை ஏதோ ஒரு மூலையில் நடந்த சேதமாக என்னால் ஒதுக்க முடியவில்லை.

கேள்வி: அப்படியானால், பனிநாக்கு உடைவதெல்லாம் புவி வெப்பமடைவதன் விளைவுதானா? (அதே வாசகர்)

பதில்: இல்லை. எரபஸ் பனிநாக்கு 1911-லும் 1990-லும் முறிந்தது. இடையில் மீண்டும் வளர்ந்தது. மெர்ட்ஸில் மோதிய பனிமலையும் 1987-ல் ராஸ் பனித்தட்டிலிருந்து பிரிந்த துண்டின் மிச்சம். வளர்வதும் உடைவதும் பனியாற்றின் இயல்பு.

மேற்கு அண்டார்க்டிகாவிலுள்ள பைன் தீவுப் பனியாற்றின் கதை வேறு. அங்கே உறைநிலையைவிடப் பல டிகிரி வெப்பமான ஆழ்நீர், மிதக்கும் பகுதியை அடியிலிருந்து கரைக்கிறது. முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பகுதி மெலிய மெலிய, பின்னால் நிலத்தில் கிடக்கும் பனி விரைந்து கடலுக்குள் இறங்குகிறது. கடல்மட்டத்தை உயர்த்துவது அந்த நிலப்பனிதான். 2009-ல் ஆளில்லா நீர்மூழ்கி ஒன்று மிதக்கும் பகுதியின் அடியில் சென்று கடலடி மேடு ஒன்றைக் கண்டது. ஒரு காலத்தில் அந்த மேட்டின்மேல் பனி ஊன்றி நின்றிருந்தது. இன்று இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி வழியாகத்தான் அந்த வெப்பநீர் உள்ளே போகிறது.